நான்காவது வியாழக்கிழமை

பிளீச்சிங் பவுடர் வாசனை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. கொட்டியது போன வியாழக்கிழமை, இன்று செவ்வாய். கழிவறையை மகள் இரண்டு முறை கழுவினாள். அவள் வேலைக்குப் போன பின் நான் மூன்றாவது முறை கழுவினேன். அப்படியும் நடையைக் கடக்கும்போதெல்லாம் மூக்கில் ஏறுகிறது. வாசனை கழிவறையில் இல்லை, என் மூக்கில்தான் தங்கிவிட்டதோ என்று இப்போது சந்தேகம். உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

எழுதும் முன் குறிப்பெடுத்துக்கொண்டேன். நீ சிரிப்பாய் என்று தெரியும்.

1. பிளீச்சிங் பவுடரும், எனக்கு வந்திருப்பதும்.
2. உன் அப்பாவைக் கொண்டுபோன கிருமியின் சொந்தக்காரனை உன் மூத்திரப்பைக்குள் ஊற்றியது ஏன் என்பதும், அதை நீ எனக்கு விளக்கிய விதமும்.
3. ஆறு வாரம் போட வேண்டியதை நீ மூன்று வாரத்தோடு நிறுத்தினாய். அதற்குக் காரணம் நான்.
4. நாளை மறுநாள் நான் போக வேண்டுமா, வேண்டாமா.

நான்காவதற்கு என்னிடம் விடை இல்லை. முதல் மூன்றையும் ஒழுங்காக எழுதிவிட்டால் அது தானாகக் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் குறிப்பு. நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனது. வலி இல்லை. உனக்கும் அப்படித்தான் தொடங்கியது. "பீட்ரூட் துன்னேன் ரைட்டரே, அதான்" என்று நீ ஒரு மாதம் தள்ளினாய். எனக்கு அப்படித் தள்ளத் தெரியவில்லை, ஏனென்றால் உன்னைப் பார்த்திருக்கிறேன். நான் பீடி தொட்டவன் இல்லை. நீ ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. வியாதி அதையெல்லாம் விசாரிக்கவில்லை.

பெங்களூரில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூத்திரப்பையின் உட்சுவரில் சின்னதாக ஒரு புற்றுக்கட்டி. சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். சோதனைத் தாளைப் பார்த்துக்கொண்டே டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்: "மேல் தோலோட நிக்குது. ஆனா திரும்பி வர்ற ஜாதி. வாரத்துக்கு ஒண்ணா ஆறு வாரம் பி.சி.ஜி. போடலாம்." அந்த மூன்று எழுத்தைக் கேட்டதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். புற்றுநோய் என்றதற்காகப் பயப்படுகிறேன் என்று நினைத்து அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் ஏன் பிடித்தேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மூன்று வியாழக்கிழமைகள் முடிந்துவிட்டன. மகள் லீவு போட்டுக் கூட வருகிறாள். குழாய் வழியே மருந்தை உள்ளே விடுகிறார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். மருந்து எல்லாச் சுவரிலும் படும்படி கால் மணிக்கு ஒரு முறை திரும்பிப் படுக்க வேண்டும். மல்லாந்து, வலது பக்கம், குப்புற, இடது பக்கம், மறுபடியும் மல்லாந்து. உனக்காக வாங்கிய அதே அலாரம் கடிகாரத்தைத்தான் கொண்டுபோகிறேன். "அப்பா, போன்லயே டைமர் இருக்குது, இது எதுக்கு, நர்ஸ் எல்லாம் பாக்குறாங்க" என்கிறாள் மகள். இருக்கட்டும் என்றேன்.

அன்று வெளியே வரும் சிறுநீரில் உயிருள்ள கிருமி இருக்கும். அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒவ்வொரு முறையும் கழிவறையில் பிளீச்சிங் போட்டுக் கால் மணி காத்திருந்து தண்ணீர் விட வேண்டும். இதையெல்லாம் உனக்குச் செய்து பழகியிருந்தேன். எனக்கே செய்யும்போது கை தவறி டப்பா முழுக்கக் கொட்டிவிட்டது. வாசனைக்குக் காரணம் அதுதான். முதல் குறிப்பு முடிந்தது.

இரண்டாவது. உனக்கு இதை முதலில் சொன்னபோது நீ அப்போதிருந்த டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாய். ரயிலில் கன்டோன்மென்ட் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"ரைட்டரே, பி.சி.ஜி.ன்னா டி.பி. ஊசி தானே?"

"ஆமாம்."

"எங்கப்பனைக் கொன்னதையே எனக்குள்ள ஊத்தப் போறாங்களா?"

எதிர் இருக்கையில் இருந்த பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனாள். நீ அதைப் பார்த்தாய். நம் தங்கச் சுரங்கத்து லைன் வீடுகளில் அந்த இரண்டு எழுத்துக்கு என்ன மரியாதை இருந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். வருஷா வருஷம் நெஞ்சுப் படம். படத்தில் ஒரு நிழல் விழுந்தால் அந்த ஆளை அண்டர்கிரவுண்டிலிருந்து எடுத்து மேலே போட்டுவிடுவார்கள். தூசியா கிருமியா என்று தெரிவதற்குள் அவன் வீட்டு டம்ளரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தனியாக வைத்துவிடுவார்கள். உன் அப்பாவுக்குத் தூசி, கிருமி இரண்டும் இருந்தன. அவர் இருமும் சத்தத்தை வைத்தே நந்திதுர்க் சுரங்கத்துச் சைரனுக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று சொல்லலாம் என்பாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் அன்று இரண்டு பக்கம் எழுதி உன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இது அதே கிருமி இல்லை, அதன் சொந்தக்காரன். ஆய்வகத்தில் பல தலைமுறை வளர்த்து வீரியம் குறைத்தது. நம் பிள்ளைகளின் இடது தோளில் வட்டத் தழும்பாக இருப்பதும் இதுதான். நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தால்தான் போடுவார்கள். இது நேராகப் புற்றைக் கொல்வதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது. வந்த சக்தி கிருமியோடு புற்றையும் சேர்த்து அடிக்கிறது. இப்படி வரிசையாகப் படித்துக் காட்டினேன். நீ பல்லைக் குத்திக்கொண்டு கேட்டாய்.

"உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி இருக்குதுன்னா இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்துச்சி? தூங்கிக்கினா?"

"புற்று வெளியே இருந்து வந்தது இல்லைப்பா. உன் உடம்பு செல்தான் கெட்டுப்போய் வளருது. அதனால உடம்புக்கு அது எதிரின்னு தெரியறதில்ல."

பல் குத்துவதை நிறுத்தினாய். பிறகு உன் மனைவியைக் கூப்பிட்டாய். "ஏ, இங்க வா. ரைட்டர் ரெண்டு பக்கம் எழுதிக்கினு வந்து சொல்றாரு. நான் ரெண்டு வார்த்தையில சொல்றேன் கேளு. நம்ம ஆளு ஒருத்தன் கல்லைத் திருடி டிபன் பாக்ஸ்ல வெச்சிக்கினு கேட்டுக்கு வரான். வாட்ச்மேனுக்கு தெனம் பாக்குற மூஞ்சி. டோக்கன் இருக்குது, சலாம் வெக்கிறான், போடான்னு வுட்டுடறான். அப்பால ஒரு நாளு வெளியாளு ஒருத்தன் சுவரேறி உள்ள பூந்துட்டான்னு விசில் ஊதுறாங்க. அப்ப இன்னா பண்ணுவான்? கேட்டை மூடிட்டு ஒருத்தன் வுடாம நிறுத்தி டிபன் பாக்ஸைத் தொறன்னுவான். நம்ம ஆளும் மாட்டுவான். அந்த வெளியாளு தான் இந்த ஊசி. இன்னா ரைட்டரே, கரெக்டா?"

சரிதான் என்றேன். பல நாள் படித்து நான் புரிந்துகொண்டதை விட அது தெளிவாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் வருத்தமும்கூட.

"அப்ப எங்கப்பனுக்கு அவன் செஞ்சதுக்கு எனக்கு வேலை செய்யட்டும்" என்றாய். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் வியாழக்கிழமை கால் மணிக்கு ஒரு முறை நான் அலாரத்தை அடக்கி "வலது" என்பேன், "குப்புற" என்பேன். "தோசையா நானு? கருகப் போறேன், அடுப்பைக் குறைங்க" என்று நீ சொன்னதற்கு அந்த வார்டில் படுத்திருந்த எல்லாரும் சிரித்தார்கள், சிரித்தால் அடக்க முடியாது என்று நர்ஸ் திட்டினார். இரண்டாவது வியாழக்கிழமையும் அப்படித்தான். இப்போது ஒவ்வொருவரின் கட்டியையும் ஆராய்ந்து அவரவருக்கென்று தனியாகத் தடுப்பூசி செய்து சோதிக்கிறார்களாம். மகள் போனில் காட்டினாள். படித்ததும் உன்னிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீ அதற்கும் ஒரு வாட்ச்மேன் வைத்திருப்பாய்.

மூன்றாவது குறிப்புக்கு வந்துவிட்டேன். வருவதற்குள் இரண்டு முறை எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். யாரும் வரவில்லை. சுரங்கக் கழிவு கொட்டிய சயனைட் மேட்டுப் பக்கமிருந்து காற்று, ஜன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தேன்.

குறிப்பில் இல்லாத ஒன்றை முதலில் எழுத வேண்டியிருக்கிறது. நீ மறந்திருக்க மாட்டாய்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலில் டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் ரெஜிஸ்டர் எழுதும் ரைட்டராக முப்பது வருஷம் உட்கார்ந்தவன் நான். இறங்கும்போது ஒவ்வொருவனும் தன் எண் போட்ட பித்தளை டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவான், ஏறியதும் திருப்பி மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் கீழே இருக்கிறான். அதைத் தவிர எனக்கு வேறு வேலை கிடையாது, காலி ஆணியைப் பார்ப்பதுதான். அன்று இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து ஆள் ஏற்றும் கேஜ் கடைசி முறை வந்துபோன பிறகும் உன் ஆணி காலி. நான் மூன்று முறை எண்ணினேன். பிறகு ஷிஃப்ட் அதிகாரியிடம் சொன்னேன். கேஜ் மறுபடி இறங்கியது. நீ முட்டு மரம் கட்டிக்கொண்டிருந்த லெவலில் யாரும் இல்லை என்று கீழிருந்து மணி அடித்தார்கள். உன் மனைவிக்கு ஆள் போய்விட்டது. ஒரு மணி நேரம் கழித்து நீ தெருப் பக்கமிருந்து பன் தின்றுகொண்டு நடந்து வந்தாய். பக்கத்து ஷாஃப்ட்டில் ஆள் பற்றவில்லை என்று உள்வழியாகவே போய் மரம் வைத்துக் கொடுத்துவிட்டு அந்தக் கேஜிலேயே ஏறியிருக்கிறாய். டோக்கன் உன் சட்டைப் பையில்.

எல்லாரும் உன்னைத் திட்டினார்கள். நீ என் ஜன்னலுக்கு வந்து டோக்கனை நீட்டினாய். "ஆணி காலின்னா ஆளு உள்ள மாட்டிக்கினான்னு தான் அர்த்தமா ரைட்டரே? வேற வழியா ஏறிட்டான்னும் அர்த்தம் இருக்கும்ல?" நான் ரெஜிஸ்டரைத் திறந்தேன். உன் பெயருக்கு எதிரே 'கீழே, ஏறவில்லை' என்று எழுதியிருந்ததன் மேல் ஒரே கோடு போட்டேன். டைம் ஆபீஸில் அழிப்பது கிடையாது. தவறு கோட்டுக்கு அடியில் படிக்கும்படி இருக்க வேண்டும், அதற்கு மேல் சரியானதை எழுத வேண்டும், ஓரத்தில் எழுதியவனின் இனிஷியல். அந்தக் கோட்டைப் போடும்போது என் கை எப்படி நடுங்கியது என்று நீ ஊர் முழுக்க நடித்துக் காட்டினாய்.

சரி. மூன்றாவது வியாழக்கிழமை. திரும்பி வந்த மாலையில் உனக்குக் குளிர் எடுத்தது. இரண்டு போர்வை போட்டும் பல் கிட்டியது. தெர்மாமீட்டரில் நூற்றியொன்று. சிறுநீர் போகும்போது எரிச்சல் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். கொஞ்சம் காய்ச்சல் வருவது எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டதன் அடையாளமாகவும் இருக்கலாம், மாத்திரை கொடுங்கள், நாளைக்கும் இறங்காவிட்டால் உடனே அழைத்து வாருங்கள் என்றார்கள். மறுநாள் மதியம் இறங்கிவிட்டது. நீ எழுந்து கஞ்சி குடித்தாய்.

எனக்குத்தான் இறங்கவில்லை. அரிதாகச் சிலருக்கு அந்தக் கிருமியே உடம்பெங்கும் பரவிவிடும் என்று படித்திருந்தேன். அரிதாக என்ற வார்த்தை என் கண்ணில் நிற்கவில்லை, மற்றதெல்லாம் நின்றது. ஒரு வாரம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று உன்னிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ ஏன் என்று கேட்பாய், நான் விளக்க வேண்டும், நீ ஒரு வாட்ச்மேன் கதை சொல்லி என்னைத் தோற்கடிப்பாய். அதனால் சொல்லவில்லை.

நான்காவது வியாழக்கிழமை காலை நான் நம்மூர் ஊரிகம் ஸ்டேஷனுக்கு வரவில்லை. உன் ஃபைல் என்னிடம் இருந்தது. தாள்களுக்கு எண் போட்டு, பையில் வைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ரயில் போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் நீ வந்தாய். கதவு திறந்துதான் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய், பையைப் பார்த்தாய்.

"இன்னா, ஒடம்பு சரியில்லையா?"

"முதுகு வலி."

"ம்" என்றாய். காப்பி கேட்டுக் குடித்தாய். "சரி வுடுங்க ரைட்டரே. மூணு போட்டாச்சு, போதும். ஆம்பூர்ல தங்கச்சி கூப்ட்டுக்கினே இருக்குறா, ஒரு மாசம் இருந்துட்டு வரேன்." எழுந்து போகும்போது ஃபைலைக் கேட்டாய். "வீட்ல கேக்குறா, இருக்கட்டும்." நான் உடனே கொடுத்துவிட்டேன். பாரம் இறங்கியது போல் இருந்தது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

என் நோட்டில் உனக்காக ஆறு கட்டம் போட்டிருந்தேன். மூன்றில் டிக். மூன்று காலி. அடுத்த வருஷம் அது திரும்பி வந்தது. இந்த முறை மேல் தோலோடு நிற்கவில்லை. பிறகு நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும், உன்னை விட எனக்கு அதிகம் தெரியும். கடைசி மாதங்களில் நான் தினமும் வந்தேன், ஃபைலைப் பற்றி மட்டும் பேச மாட்டேன். ஒரு நாள் நீயே தொடங்கினாய். "ரைட்டரே, உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்." நான் மாத்திரை நேரமாகிவிட்டது என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நீ தூங்குவது போல் கண்ணை மூடியிருந்தாய். நீ சொல்ல வந்தது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதைக் காதால் கேட்கத் தைரியமில்லை.

இதுதான் மூன்றாவது குறிப்பு. ஆறு வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை மாலை எனக்கும் குளிர் எடுத்தது. நூறரை. மறுநாள் இறங்கிவிட்டது. "வாருங்கள், சிறுநீரைச் சோதித்துப் பார்த்துவிட்டு நான்காவதைப் போடலாமா என்று முடிவு செய்வோம்" என்கிறார் டாக்டரம்மா. மகளிடம் முதுகு வலி என்று சொல்லியிருக்கிறேன். என் வாயிலிருந்து அதே இரண்டு வார்த்தை வந்ததும் நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். போனால், உனக்கு மறுத்ததை எனக்கு மட்டும் எடுத்துக்கொள்கிறவன். போகாவிட்டால், மறுபடி அதே கோழை. எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஒன்றுதான்.

நான்காவது குறிப்பை எழுத முடியவில்லை.

*

இன்று புதன். மாலை ஐந்து மணிக்கு உன் மனைவி வந்திருந்தாள். மகள் காலையில் ரயிலுக்குப் போகும் வழியில் அவளிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள்.

"இன்னாண்ணா, நாளைக்கு வரலன்னீங்களாமே?"

"முதுகு வலிம்மா."

"அவருக்கும் முதுகு வலின்னு தானே சொன்னீங்க அன்னிக்கி? அதே முதுகா?"

அவள் நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள். கையில் ஒரு துணிப்பை.

உனக்கு எழுதியதை எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். வரிசையாக அல்ல, முன்னும் பின்னுமாக. மூன்றோடு நின்றது என்னால், நீ போனது என்னால், எனக்கு அந்த மருந்தைப் போட்டுக்கொள்ள என்ன உரிமை இருக்கிறது என்றெல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, வேறு மாதிரி.

"மூணோட யாரு நின்னாங்க?"

"அவன்தான். நீதானே பார்த்தே."

"ஏண்ணா, ஆம்பூர்ல நாத்தனார் வூட்ல ஒரு மாசம் இன்னா பிரியாணியா துன்னுக்கினு இருந்தோம்? வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில காட்டி, இந்த ஃபைலைக் குடுத்து, மீதி மூணையும் போட்டுக்கினு தான் வந்தாரு. நாலு, அஞ்சு, ஆறு. ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போவோம். என்னைக் கூட உள்ள வுடல. வெளிய குந்திக்கினு இருப்பேன்."

நாலு, அஞ்சு, ஆறு என்று விரலில் எண்ணினேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்களும் கெளம்பி வருவீங்க, நடுங்குவீங்க, உங்களைப் பாத்து நான் நடுங்குவேன், ரெண்டு பேரையும் தூக்கிக்கினு மருந்தையும் அடக்க முடியாதுன்னாரு. பின்னாடி சொல்லிக்கலாம், ரைட்டர் மூஞ்சியப் பாக்கணும் அப்போன்னு சிரிச்சாரு. கடைசியில சொல்லத்தான் கூப்ட்டாராம். நீங்க எந்திரிச்சி மாத்திரை எடுக்கப் பூட்டீங்களாம். 'சரி, பாவம், பயப்படட்டும் வுடு'ன்னுட்டாரு. எனக்கு இன்னா தெரியும், நீங்க இத்த இத்தினி வருசம் சொமந்துக்கினு இருக்கீங்கன்னு."

"ஆறும் போட்டுமா திரும்பி வந்துச்சு?"

"வந்துச்சு." பையின் காதைத் திருகினாள். "எல்லாருக்கும் கேக்கும்னு சொல்லலியே அவங்க. நெறைய பேருக்குக் கேக்கும், சில பேருக்குக் கேக்காதுன்னு தான் சொன்னாங்க. இவருக்குக் கேக்கல. அதுக்கு நீங்களும் காரணம் இல்ல, நானும் காரணம் இல்ல. உங்களுக்குக் கேக்குமா கேக்காதான்னு எனக்குத் தெரியாது. வூட்ல குந்திக்கினு இருந்தா மட்டும் தெரிஞ்சிடுமா?"

ஃபைலை எடுத்து மேசையில் வைத்தாள். நான் எண் போட்ட தாள்கள் அதே வரிசையில் இருந்தன. அதற்குப் பின்னால் எண் போடாத மூன்று தாள்கள். வேலூர் ஆஸ்பத்திரிச் சீட்டுகள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் கோடுகள். முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு எண்ணினேன். எட்டு. கால் மணிக்கு ஒன்றாக இரண்டு மணி நேரத்துக்கு எட்டு. இடது, வலது என்று சொல்ல ஆளில்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நீயே திரும்பி, நீயே கோடு போட்டிருக்கிறாய். என்னைக் கிண்டல் செய்த அதே நீ.

முதல் தாளில் எட்டு. இரண்டாவதில் எட்டு. மூன்றாவதில் ஏழு. மூன்று முறை எண்ணினேன், ஏழுதான். தூங்கிவிட்டாயா, தாங்கவில்லையா, இல்லை மறந்துபோனாயா? உன் மனைவிக்குத் தெரியவில்லை. இதை இனி யாரிடமும் கேட்க முடியாது.

போகும்போது வாசலில் நின்று சொன்னாள். "காலையில ஸ்டேஷன்ல நிப்பேண்ணா. வண்டில ஏறுறீங்களான்னு பாத்துட்டுத் தான் வூட்டுக்குப் போவேன்."

*

வியாழன். பேனா மேல்நோக்கி எழுதாது, அதனால் பென்சில். மல்லாந்து படுத்து அட்டையை நெஞ்சில் வைத்து எழுதுகிறேன், கையெழுத்து உன்னுடையதைப் போலப் போகிறது.

காலையில் அவள் சொன்னபடி பிளாட்பாரத்தில் நின்றிருந்தாள். நான் ஏறி ஜன்னலில் உட்கார்ந்த பிறகும் நகரவில்லை. வண்டி கிளம்பியதும்தான் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு திரும்பினாள். டாக்டரம்மா சிறுநீர்ச் சோதனையைப் பார்த்தார், காய்ச்சல் எத்தனை மணி நேரம் இருந்தது என்று கேட்டார். எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். போடலாம் என்றார். நாற்பது நிமிஷமாக உள்ளே இருக்கிறது. பயம் போகவில்லை. அலாரம் அடிக்கும் முன்பே ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்துவிடுகிறேன். எரிச்சல் வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று உள்ளேயே காதை வைத்துக்கொண்டு கிடக்கிறேன். இன்று மாலை மறுபடி குளிர் எடுக்கலாம். ஆறும் முடித்து எனக்கும் திரும்பி வரலாம். இந்த ஒன்றிலும் உறுதியில்லை.

நீ அங்கே தனியாகப் படுத்திருந்தது என்னால். அது இன்னும் என்னிடம் இருக்கிறது, அதை உன் மனைவியும் எடுத்துவிட முடியாது. கூடவே இப்போது இருபத்து மூன்று கோடுகள் இருக்கின்றன. தாளின் ஓரத்தில் நானும் போட்டுக்கொண்டு வருகிறேன். இதுவரை இரண்டு. மூன்றாவதற்கு இன்னும் ஐந்து நிமிஷம் என்று மகள் சொல்கிறாள், போனையும் பார்க்காமல், நம் கடிகாரத்தைப் பார்த்து.

அந்த ஐந்து நிமிஷத்தில் ஒரு வேலை பாக்கி. நோட்டில் உன்னுடைய காலிக் கட்டங்கள் மூன்றிலும் டிக் போட்டேன், கடைசியில் மட்டும் பக்கத்தில் ஏழு என்று சின்னதாக எழுதினேன். பிறகு இந்த மடலின் முதல் தாளை எடுத்தேன். மூன்றாவது குறிப்பின் மேல், அடியில் இருப்பது படிக்கும்படி, ஒரே கோடு. அதற்கு மேல்: ஆறும் முடித்தான், வேறு வழியாக ஏறினான். ஓரத்தில் என் இனிஷியல்.

மூன்றாவது குறிப்பு தவறு. எழுதியவன் நான்.